படிவத்தில் இல்லாத மரம்

மண்டாய்ச் சாலையில் பேருந்து என்னை இறக்கிவிடும்போது
மணி ஆறாகக் கால்மணி இருக்கும்.
ஓட்டுநர் ஒருநாள் கேட்டார்,
இந்த இருட்டில் இங்கே யார் இருக்கிறார்கள்?
அதைத்தான் எண்ணப் போகிறேன், என்றேன்.

ஏழாண்டுக்கு முன் இது
சுரங்கம் தோண்டிய மண்ணைக் கொட்டிய இடம்.
லாரிகள் மிதித்து மிதித்து
கடப்பாரை இறங்காத செம்மண்.
அதற்கு முன் ரப்பர்.
அதற்கு முன் மிளகு.
அதற்கும் முன் என்ன இருந்ததென்று
எண்ணி வைத்தவர் யாருமில்லை.
போனதற்குக் கணக்கில்லை எங்களிடம்,
எஞ்சியதற்கு மட்டும் உண்டு.

அறுபத்திரண்டு இனம்,
ஆயிரத்து நூற்று நாற்பது கன்று,
ஒவ்வொன்றின் கழுத்திலும் அலுமினியத் தகடு.
முதல் மழைக்காலம் முடிந்து
மரத்தில் கட்டிய ஒலிப்பதிவுக் கருவியைத் திறந்தோம்.
மைனா. மைனா. விமானம். மைனா.
யாரோ ஒருவர் கைப்பேசியில் சண்டை போட்டபடி நடந்துபோகிறார்.
மறுபடி மைனா.

கன்றுகளுக்கு வெயில் வேண்டும்,
அல்பீசியாக்களை வெட்டுங்கள் என்றது திட்டம்.
வெளியிலிருந்து வந்த மரம்,
கேட்காமல் முளைத்த மரம்,
யாரும் வேண்டாமென்ற மண்ணில்
பத்தே ஆண்டில் பத்து மாடி உயர்ந்த மரம்.
பதினேழு விழுந்தன.
பதினெட்டாவதில் முத்துராக்கு ரம்பத்தை அணைத்தார்.
மேலே பாருங்க மேடம்.
குச்சிகளை அள்ளிப்போட்டாற்போல ஒரு கூடு,
அதன் விளிம்பில்
வெண்வயிற்றுக் கடற்கழுகு, எங்களைப் பார்க்காமல்
எங்கள் தலைக்கு மேலாகக் கடலையே பார்த்துக்கொண்டு.

ரொஸ்னானி மூன்று மணி நேரம் அலுவலகத்தோடு பேசினாள்.
முத்துராக்கு ரம்பத்தின் மேலேயே உட்கார்ந்து
சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்.
கடைசியில் மரத்தின் பெயருக்கு எதிரே
எழுதச் சொன்னார்கள்: அயல் இனம், தற்காலிகமாக அனுமதி.
கழுகு இரண்டு பருவம் இருந்தது.
அவர் பதினான்கு மாதம்.

பிறகு நிழல் வந்தது, சிக்கனமாக.
முதலில் எறும்பு. எறும்பைத் தேடி ஓர் இரவு
கேமராவில் அழுங்கு,
செதில் மினுங்க, முகம் காட்டாமல்.
தும்பிகள் ஒன்பது வகை; போன ஆண்டு ஆறு.
பட்டுப்போன கன்றுகளையும் சொல்ல வேண்டும்:
நானூற்றுப் பன்னிரண்டு.
தகடுகள் என் மேசை இழுவறையில் கிடக்கின்றன,
திறந்தால் சில்லறைபோலச் சத்தம்.

இந்த மார்ச்சில், விழுந்த கட்டை ஒன்றின் மேல்
மரநாயின் எச்சம்.
காய்ந்த அதைப் பிளந்துகொண்டு
இரண்டு இலையோடு ஒரு செடி.
சியூ யென் முழங்காலிட்டுப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
பட்டியலின் அறுபத்திரண்டில் இது இல்லை.
நாங்கள் வைத்ததில்லை.
விரைவுச்சாலைக்கு அப்பால் பழங்காட்டில் மட்டும் உள்ள மரம்.
எட்டுத்தடச் சாலையை
வடிகால் குழாய் வழியாகவோ, எப்படியோ,
வயிற்றில் ஒரு விதையோடு கடந்திருக்கிறது அது,
எங்களிடம் நிதி கேட்காமல்.
தகடு எடுக்கப் பையில் கைவிட்டேன்.
வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

குட்டைவால் சிலம்பன் மட்டும் வரவில்லை.
தரையோரத் தழையை விட்டுப் பறக்கத் தெரியாத பறவை.
சாலை விளக்குகளின் அந்த வெளிச்சம்
அதற்குக் கடல்.
அக்கரையில் கூப்பிடுவது சில காலைகளில்
இங்கேயும் கேட்கிறது,
லாரி இல்லாத அரை நிமிடத்தில்.

அந்த வரிசையை எடுத்துவிடலாமே என்றாள் சியூ யென்,
பக்கம் ஒன்று மிச்சமாகும்.
இருக்கட்டும், என்றேன்.
பள்ளியில் சுழியத்தை நாங்கள் முட்டை என்போம்.
அதை அவளுக்கு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.
ஏழு ஆண்டு, ஏழு முட்டை,
என் கையால் போட்டது.
பேனாவைத் திறந்து
எட்டாவதையும் போடுகிறேன்.