சத்தம்

செம்பூர், நாலாம் மாடி. இரவு பதினொன்று.
ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த க்ரீம் சீஸ்
இளகக் காத்திருக்கப் பொறுமையின்றி
பீட்டரை ஓட்டினேன்.
கீழ்வீட்டு பெட்னேகர்
என் தரையை, அதாவது தன் கூரையை,
துடைப்பக் கட்டையால் இருமுறை இடித்தார்.

டிகாக்‌ஷன் விட்டதும் நீர்த்து ஓடியது எல்லாம்.
ஃபில்டரைக் குறைசொல்ல முடியாது,
நான் விட்டது இரண்டாம் டிகாக்‌ஷன்.

மறுபடி வெண்ணெய். சலித்த சர்க்கரை.
முதல் டிகாக்‌ஷனைச் சுண்டக் காய்ச்சி
ஆறவிட்டுச் சொட்டுச் சொட்டாய்.
பீட்டர் வேண்டாம், மரக்கரண்டி.
தோள்பட்டை கழன்றது.

ஒரு மணிக்குத்தான் நிறம் வந்தது:
மழையில் நனைந்த சாக்கு.
நாக்கில் புளிப்பு, உடனே கசப்பு.
சர்க்கரை சாவகாசமாய் வந்து சேர்ந்தது.

காலையில் ஒரு துண்டோடு படியிறங்கினேன்.
க்ரீமை மட்டும் விரலால் வழித்துத் தின்றுவிட்டு
பெட்னேகர் கேட்டார், குறைப்படுவதுபோல்:
“அப்புறம் ஏன் சத்தமே இல்லை?
முழித்துக்கொண்டே இருந்தேன்.”