காயாத குழாய்

சார்னியாவில் இரவுப் பணி.
ஆற்றுக்கு அப்பால் மிச்சிகன் விளக்குகள்,
இப்பால் சுத்திகரிப்பு ஆலையின் ஒற்றைத் தீநாக்கு.
இடையில் என் மேசை.
நூறு பாகையில், கொதிக்காமல் காத்திருக்கும் எண்ணெய்த் தொட்டி,
அதற்குள் நாலு கண்ணாடிக் குழாய்கள்.

வேலை என்னவோ எளிதுதான்.
லொறி எஞ்சினில் வடித்த கறுப்பு எண்ணெய்
இரண்டு கோடுகளுக்கு நடுவே
எத்தனை விநாடியில் இறங்குகிறது?
இயந்திரமே உறிஞ்சும், இயந்திரமே எண்ணும்,
டொலுயீனில் தானே குளிக்கும், அசிற்றோனில் அலசும்,
காற்றை இழுத்து உலர்த்திக்கொள்ளும்.
தானியங்கி, என்றார் விற்க வந்தவர்.
இயங்கும், தானாக.
தன் அழுக்கைத் தானாக ஒத்துக்கொள்ளாது.

நான் பள்ளியில் படித்த சொல் பிசுக்குமை.
பகல் பணிக்கு வரும் திருநெல்வேலிக்காரி எழில்நங்கைக்கு
அது பாகுநிலை.
"உங்க சொல்லுல பிசுக்கு, எங்க சொல்லுல வெல்லம்" என்பாள்.
இருக்கட்டும்.
கையுறையைக் கழற்றும்போது விரலில் மிஞ்சுவது
வெல்லம் இல்லை.

செவ்வாய் மாலை கப்புஸ்கேசிங்கிலிருந்து மூன்று குப்பிகள்.
பன்னிரண்டு புள்ளி ஒன்று. பன்னிரண்டு புள்ளி மூன்று.
பத்து புள்ளி ஏழு.
பன்னிரண்டரைக்குக் கீழே போனால்
அறிக்கையில் எழுத ஒரே வாக்கியம்தான்:
எரிபொருள் கலந்துள்ளது, வண்டியை நிறுத்தவும்.
மூன்று முறை எழுதினேன். அனுப்பினேன். தேநீர் குடித்தேன்.

அதிகாலை மூன்று மணிக்குச் சோதனை எண்ணெய்.
புட்டியின் முகத்தில் பதினான்கு புள்ளி மூன்று இரண்டு.
இயந்திரத்தின் வாயில் பதின்மூன்று.
மறுபடி ஊற்றினேன்.
பன்னிரண்டு புள்ளி ஒன்பது.

புட்டி பொய் சொல்லாது, அதற்குச் சான்றிதழ் உண்டு.
குழாயை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன்.
கரி இல்லை, கறை இல்லை,
கல்யாணத்துக்குத் துடைத்து வைத்தது போலப் பளபளப்பு.
மூக்கருகே கொண்டுபோனேன்.
நகப்பூச்சு அழிக்கும் வாடை.

அலசிய நீர்மம் போகவில்லை.
போவதுபோல் ஒதுங்கி, சுவரில் ஒட்டிக்கொண்டு,
அடுத்து வருகிற எண்ணெயை
ஆள் தெரியாமல் இளக்கியிருக்கிறது.

கழிவுப் புட்டியின் பின்னால், வளைவில்,
உறிஞ்சுகுழலில் கண்ணிமை மயிர் அளவு வெடிப்பு.
பம்பு அதன் வழியாக அறைக் காற்றைக் குடித்துக்கொண்டிருந்தது.
வழக்கம்போலத்தான் இரைந்தது.
இரைச்சலை உழைப்பு என்று நம்பியிருந்தேன்.

பராமரிப்பேட்டைப் புரட்டினேன்.
ஜனவரி: குழல்கள் சரி.
கீழே சுழித்து ஒரு கையெழுத்து, என்னுடையது.
குனிந்து பார்த்த நினைவில்லை.

புதுக் குழல் வெட்டினேன். வளையம் மாற்றினேன்.
மூடியின் மரையில் உறைந்திருந்த பழைய எண்ணெயைக்
குச்சியால் சுரண்டினேன்.
பதினான்கு புள்ளி மூன்று ஒன்று.
பிறகு அந்த மூன்று குப்பிகள்:
முதலாவது நல்லது. இரண்டாவது நல்லது.
மூன்றாவது பதினொன்று புள்ளி எட்டு,
அது நிஜமாகவே கெட்டிருந்தது.
ஏனோ கொஞ்சம் ஆறுதல்.
உடனே வெட்கம்.

ஏழு மணிக்கு லொரேன் டுப்வியை அழைத்தேன்.
அங்கே மைனஸ் முப்பத்தொன்று.
மூன்று வண்டியையும் கொட்டகையில் ஏற்றி
இரவே எண்ணெய் வடித்துவிட்டார்களாம்.
"இரண்டு வண்டியில் பிழையில்லை, பிழை எங்கள் குழாயில்."
மறுமுனையில் பேச்சில்லை.
முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோட்டுக்கு
அது இறங்கும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.
பழக்கம்.

"ஒன்றுக்கு நன்றி" என்றாள்.
"இரண்டுக்குப் பில் வரும்."

பூட்ஸில் பனியைத் தட்டிக்கொண்டு எழில்நங்கை வந்தாள்.
"என்ன, குளிச்சிருச்சா?"
குளித்துவிட்டது, என்றேன்.
காய்ந்ததா என்று கேள்.