நாற்பது நொடி வெளிச்சம்

ஷார்ஜா, ரோலா. நான்காம் மாடிப் படிக்கட்டு.
இங்குள்ள விளக்குக்குக் கண் உண்டு.
ஆள் அசைந்தால் எரியும்.
நாற்பது நொடி அசையாமல் இருந்தால்
ஆளே இல்லையென்று முடிவுகட்டி
அணைந்துவிடும்.

பத்தரைக்கு மேல் விளக்கு கூடாதென்பது
ஹெலன்மேரி போட்ட சட்டம்.
ஆறு கட்டில், ஒரு அறை. விடியுமுன் அவளுக்கு
ஆஸ்பத்திரி வண்டி வந்துவிடும்.
சரி, இருக்கட்டும்.
மடியில் மாதிரி வினாத்தாள் கட்டு, காதில் பென்சில்,
முப்பத்திரண்டு வயதில்
சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்காக
வாசிக்கப் பழகுகிறேன்.

வாசிக்கத் தெரியாதவளா?
பகல் முழுக்க சரக்குக் கிடங்கில்
சுங்கச் சீட்டும் ரசீதும் ஒட்டுமொத்தமாக என் கண்வழியே போகின்றன,
ஓர் இலக்கம் பிசகியதில்லை.
ஆனால் அதெல்லாம் பார்ப்பது.

முதல் பத்தி: பவளப்பாறை வழக்குப் போடலாமா.
இரண்டாம் வரியில் இருட்டு.
கையை ஆட்டினேன்.
எந்த வரியில் விட்டேன் என்று தேடுவதற்குள்
மறுபடி இருட்டு.
அன்று ஒரு பத்திக்குப் பதினோரு கையசைப்பு.
கப்பலை வழியனுப்புகிறவள்கூட அவ்வளவு ஆட்டமாட்டாள்.

காவலாளி நூருல் அமீன் எட்டிப்பார்த்தான்:
"லிஃப்ட் ஓடுகிறதே, அக்கா?"

பிறகு மெல்லப் பிடிபட்டது.
'ஹவெவர்' வருகிற இடத்தில் வட்டம் போட்டேன்.
அதுவரை எழுதியவர் அடுத்தவர் பேச்சை
மரியாதைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்,
வாயைத் திறப்பதே அங்கேதான்.
'ஒருபோதும்', 'மட்டுமே' என்று
மீசை முறுக்கி வரும் விடையை நம்புவதில்லை.
ஏழு கையசைப்பு. ஒரு வெள்ளிக்கிழமை, ஐந்து.

அப்புறம்தான் அந்தப் பத்தி வந்தது.
வளைகுடாவுக்கு வந்த தொழிலாளர்கள்
ஏன் ஊர் திரும்பத் தாமதிக்கிறார்கள்.

இதை எனக்கா சொல்லித்தரப் போகிறீர்கள்?
ஒரே வெளிச்சத்தில் ஐந்துக்கும் விடை போட்டேன்.
கடன், கடன், ஏஜெண்ட், கடன்,
கடைசிக்குத் தங்கை கல்யாணம்.

ஐந்தும் தப்பு.

பத்தியில் கடன் என்ற சொல்லே இல்லை.
பென்சில் முனையால் வரி வரியாகத் துழாவினேன்,
கோபத்தில் நான்கு தடவை.
பழகிப்போன வசதிகள் என்றுதான் எழுதியிருந்தார் மனிதர்,
ஏசி அறையிலிருந்து எழுதியிருப்பார்.
இல்லாமல் போனது அவர் குற்றம்.
இருப்பதாக வாசித்தது என்னுடையது.
கேட்ட கேள்வி "ஆசிரியரின் கருத்துப்படி".
ஓரத்தில் "அநியாயம்" என்று எழுதிவிட்டு
சரியான விடையைச் சுற்றி வட்டம் போட்டேன்.
கை நடுங்கியது.

தண்ணீர் குடிக்க உள்ளே போனேன்.
ஃபிரிட்ஜ் கதவில், மூன்று வாரமாக
நான் முகம் திருப்பிக் கடக்கும் அவள் சீட்டு.
கைபேசி வெளிச்சத்தில், முதல் தடவையாக, வாசித்தேன்:

"பத்தரைக்கு மேல் கட்டில் அறையில்
விளக்கு வேண்டாம். நன்றி. ஹெ."

கட்டில் அறையில்.
அதட்டல் எங்கே? தேடினேன். இல்லை.
"உன்னைத்தான்" என்பது எங்கே? அதுவும் நான் கொண்டுவந்தது.
சமையலறையைப் பற்றி ஆசிரியர்
எதுவுமே சொல்லவில்லை.

மூன்று வாரம்! படிக்கட்டுச் சிமெண்டில்!

டியூப்லைட்டைப் போட்டேன்.
அரிசி மூட்டையை முதுகுக்கு வைத்துக்கொண்டு
அடுத்த பத்திக்குப் போனேன்: மீன்பிடி எல்லை, இரண்டு நாடுகள்,
நடுவில் ஒரு நீளமான 'ஹவெவர்'.
பாதியில் பழக்கதோஷத்தில்
கை தானாக உயர்ந்து ஆடியது.

வாசலில் ஹெலன்மேரி, தூக்கக் கலக்கத்தோடு,
கையில் காலி பாட்டில்.
ஒரு கணம் பார்த்தாள்.
அவளும் கையை ஆட்டினாள்.

இதிலிருந்து எதை ஊகிக்கலாம்?
அவசரப்படவில்லை நான்.
வரியை விட்ட இடத்தில் விரலை வைத்துக்கொண்டு
பாட்டிலை வாங்கி நிரப்பிக் கொடுத்தேன்.