நடுவில் ஒரு பூஜ்யம்

பாகாவ் பட்டணத்தின் பின்வரிசையில்
டயர் கடைக்கும் கோழி வெட்டும் கடைக்கும் இடையில்
எங்கள் வண்டியின் நெஞ்சைத் திறந்து வைத்திருந்தான் ஆ குவான்.
உள்குழாயில் விரல் விட்டான்.
பதினோரு வருஷத்துக் கரி.
எடுத்து என் கணக்கு நோட்டின் ஓரத்தில் துடைத்தான்.
"இத வெச்சுக்கிட்டுதான் மூச்சு வாங்குச்சு, பாவம்லா" என்றான்
எங்கள் டிவிஷன் லயத்துக்கு எதிர்வீட்டில் பிறந்தவன்,
எங்களைவிட நன்றாகத் தமிழில் திட்டுபவன்.

வண்டிக் கடன் பாதிக்குப் பாதி.
பகல் எனக்கு, செம்பனை உதிரிப்பழம் ஏற்ற.
இரவு தம்பி புவனேந்திரனுக்கு,
எதை ஏற்ற என்று அவன் சொன்னதில்லை.

அவனுக்குப் பெரிய டர்போ வேண்டும்.
கை நுழையும் அளவு புகைக்குழாய் வேண்டும்.
பின்னால் வருகிறவன்
கண்ணாடியை ஏற்றிக்கொள்ள வேண்டும்.
எனக்கு லிட்டருக்கு எட்டு புள்ளி ஒன்று
ஒன்பதாக வேண்டும்.
டீசல் விலை ஏறிய மாதத்திலிருந்து
நான் கனவில்கூட வகுத்துக்கொண்டிருந்தேன்.

ஆ குவான் இரண்டு தே தாரிக் குடித்தான்.
மூன்றாவதைக் குடிக்காமல் எழுந்தான்.
கரியைச் சுரண்டினான்.
காற்றைக் குளிரவைக்கும் பெட்டியை அகலமாக மாற்றினான்.
மடிக்கணினியைச் செருகி
எஞ்சினுக்கு இரண்டு புத்தி எழுதினான்.
ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச்:
மேலே தள்ளினால் தம்பி,
கீழே தள்ளினால் அக்கா.

கூரைக் கம்பியைக் கழற்றினேன்.
இரும்புச் சங்கிலியை இறக்கினேன்.
ஒல்லியான டயர் போட்டு, காற்றை இறுக்கினேன்.
பின்சீட்டில் தம்பியின் பாட்டுப் பெட்டி,
இருபத்திரண்டு கிலோ.
தொட்டால் ஒரு மாதம் பேசமாட்டான்.
தொடவில்லை.

முதல் வாரம்:
ஒன்பது புள்ளி நாலு.
நோட்டில் இரண்டு முறை கோடிட்டேன்.
அம்மாவிடம் சொன்னேன். "நல்லதா?" என்றாள்.

ஆனால் ரொம்பின் சாலையில்
மைல்கல் வேறு கதை சொன்னது.
பத்து கிலோமீட்டர் கல் கடந்தால்
மீட்டரில் பத்து புள்ளி நாலு.
டயர் சின்னது, கூடுதலாகச் சுற்றுகிறது,
வராத தூரத்தை வந்ததாக எழுதுகிறது.
வண்டியை ஓரம் கட்டி
போனில் மறுபடி வகுத்தேன்.
ஒன்பது புள்ளி பூஜ்யம் நாலு.
அந்தப் பூஜ்யம் எங்கிருந்தோ நடந்து வந்து
நடுவில் உட்கார்ந்துகொண்டது.
கோட்டை அழிக்க ரப்பர் இல்லை.

பாக் சமாட்டின் தோட்டம் மேட்டில் இருக்கிறது.
அன்று தொள்ளாயிரத்து எண்பது கிலோ.
எடைமேடை ஆறு மணிக்கு மூடிவிடும்,
மணி ஐந்து நாற்பது.
பாதி மேட்டில் முதல் கியரிலேயே
வண்டி முனகியது, நின்றது,
பின்னால் ஒரு முழம் நழுவியது.
என் சிக்கனம்
என்னைப் பார்த்து விழித்தது.

சுவிட்சை மேலே தள்ளினேன்.

ஒரு கணம் யோசித்தது.
பிறகு தம்பியானது.
நான் கேட்டிராத ஒரு குரலில் உறுமி
கல்லைத் தெறிக்கவிட்டு ஏறியது.
கறுப்புப் புகை பாக் சமாட்டின்
கொடியில் காய்ந்த சாரோங் மீது படிய,
அவர் "அலாமாக்!" என்று தலையில் கை வைத்தார்.
நான் சிரித்துக்கொண்டிருந்தேன்,
வெட்கமில்லாமல்,
மேடு முடிந்தும் சிரித்துக்கொண்டிருந்தேன்.
சுவிட்சைக் கீழே இறக்க
எடைமேடை வரைக்கும் மனசு வரவில்லை.

அன்றைய கணக்கு: ஆறு புள்ளி எட்டு.
காரணம் எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்து
அந்த எண்ணுக்குப் பக்கத்தில்
பென்சிலில் ஒரு கேள்விக்குறி.
என் நோட்டை அவன் படிப்பான் என்று
எனக்குத் தெரியாது.
கீழே "மேடு" என்று மட்டும் எழுதி வைத்தேன்.

அடுத்த திங்கள் காலை பின்சீட்டு காலி.
பாட்டுப் பெட்டி கூடத்தில் இருந்தது.
யாரும் எதுவும் பேசவில்லை.
அந்த வாரம் ஒன்பது புள்ளி பூஜ்யம் ஏழு.
பூஜ்யம் அசையவில்லை.
பெட்டியின் மேல் அம்மா
அரிசி டின்னைத் தூக்கி வைத்துவிட்டாள்,
உயரம் சரியாக இருக்கிறதாம்.