முப்பத்தோராவது மாதம்

கடைசி யூரியா மூட்டையை உதறிய நவம்பரிலிருந்து
முப்பத்தாறு மாதம்.
அதன் பிறகுதான் சான்றிதழ்.
அதுவரை விளைச்சல் பாதி, விலை பழைய விலை.
ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று
நானும் எமிலும் நிற்பது
கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஆறே இல்லாத
சஸ்காட்செவன் சமவெளியில்.

முதல் வருடம் குளோவர் விதைத்தோம்.
இடுப்பளவு வளர்ந்து பூத்து
தேனீக்கள் வழி கண்டுபிடித்து வந்த வாரத்தில்
அப்படியே மடக்கி உழுதோம்.
மண்ணுக்குச் சோறு என்றான் எமில்.
வங்கிப் படிவத்தில் 'வருமானம்' என்ற கட்டத்தில்
பூச்சியம் எழுதினேன்.
கடன் அலுவலர் அதைப் பேனாவால் தட்டிப் பார்த்தார்,
உள்ளே ஏதாவது இருக்குமோ என்பதுபோல.

உழுதவன் கணக்குப் பார்க்கக் கூடாது.
எங்களுக்கு வங்கியே பார்த்து
மாதாமாதம் தபாலில் அனுப்பிவிடுகிறது.

இரண்டாம் வருடம் கோதுமை:
ஏக்கருக்கு இருபத்தொரு புஷல்.
வேலிக்கு அந்தப் பக்கம் கார்த் லிண்டாலுக்கு நாற்பத்தாறு.
காட்டு ஓட்ஸையும் சேர்த்து அளந்தால்
நாங்களும் நாற்பத்தாறுதான்.
மருந்து வாங்காத பணம் மிச்சமாச்சே என்பார்கள்.
மிச்சம்தான்.
அது டீசலாக மாறி
களை கிளறும் கலப்பையோடு
நாலு முறை வயலைச் சுற்றி வந்தது.
திஸில் முட்செடிக்கு வேரை வெட்டினால் கோபமே வராது;
வெட்டுப்பட்ட துண்டு ஒவ்வொன்றும்
தனிக்குடித்தனம் போய்விடும்.

மூன்றாம் வருடம் பயறு.
ஜூனில் ரெஜைனா மாவு ஆலையிலிருந்து பேசினார்கள்,
அடுத்த வருடக் கோதுமைக்கு:
புரதம் பதிமூன்று இருந்தால் புஷல் பதினெட்டு டாலர்.
குறைந்தால், பார்க்கலாம்.
'பார்க்கலாம்' எத்தனை டாலர் என்று கேட்டேன்.
சிரித்துவிட்டு வைத்துவிட்டார்கள்.

அதே வாரம் கார்த் வந்தான்.
வண்டியை அணைக்காமல், கண்ணாடியை மட்டும் இறக்கி:
"நேற்றுக் காலை காற்று திரும்பிவிட்டது, டாரியா.
நான் பார்ப்பதற்குள் பாதி டாங்க் போய்விட்டது."

எட்டு மீட்டர் இடைவெளி விட்டிருந்தோம்.
எட்டு மீட்டர் என்பது காற்றுக்கு
ஒரு தும்மல்.

வடக்குத் துண்டு, நாற்பது ஏக்கர்.
பயற்றின் இலைகள் உள்ளே சுருண்டிருந்தன,
குளிரில் மூடிய குழந்தை விரல்கள்போல்.
இரண்டு வாரத்தில் அவையே நிமிர்ந்துகொண்டன.
கார்த்தின் காப்பீட்டுக் கம்பெனியில் கேட்டார்களாம்:
சான்றிதழே வாங்காத வயலுக்குச்
சான்றிதழ் இழப்பு எப்படி?

நாற்பது ஏக்கர், இருபத்தொரு புஷல்,
புஷலுக்குப் பத்து டாலர் வித்தியாசம்.
எட்டாயிரத்து நானூறு.
இரவில் அதை நான்கு விதமாகப் பெருக்கினேன்,
நான்கிலும் அதே எண்.
எமில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு
"இலை நிமிர்ந்துவிட்டதே" என்றான்.
அதற்குமேல் எதுவும் சொல்லவில்லை.

ஆகஸ்டில் ஆய்வாளர் ஜோஸ்லின் ப்ரூடோம்
சுருள் அளவுநாடாவும் கொசுத் தொப்பியுமாக வந்தார்.
வேலியோரம் குனிந்து அளந்தார்.
எட்டு மீட்டர் இருபது, நல்லது என்றார்.
சமையலறை மேசையில் என் பதிவேட்டைப் புரட்டி
ஜூன் பக்கத்தில் நிறுத்தி,
"இந்த வருடம் சம்பவம் ஏதாவது?"

நேர்மை அது இது என்று பெரிதாகப் பேச வேண்டாம்.
அந்தக் கணம் எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்:
எட்டு டாலரைக் கோதுமைக்குத் தருகிறார்கள்,
மீதிப் பத்தும் இந்த நோட்டுக்கு.

பேனாவை எடுத்தேன்.
வடக்குத் துண்டு. நாற்பது ஏக்கர்.
ஜூன் பதினொன்று, காலை, மேற்குக் காற்று.
அங்கே மறுபடி மாதம் ஒன்று.

அவர் போன பிறகு எமில் உள்ளே வந்தான்,
கை கழுவினான், வெகு நேரம் கழுவினான்.
"வடக்கில் பார்லி போடலாம்" என்றான்.

பார்லி இப்போது என்ன விலை என்று
நான் கேட்கவில்லை.