வெறுங்கை

எல்பே நதி ஏறிக்கொண்டிருந்தது,
மணிக்கு நாலு விரற்கடை.
தீயணைப்பு வண்டியின் வெளிச்சத்தில்
மணல்மேட்டிலிருந்து கரைவரை
அறுபது பேர், ஒரே வரிசை.
என் இடப்பக்கம் ரொட்டிக்கடை வீப்கே.
வலப்பக்கம், வேறெங்கும் இடமில்லாததால்,
ரூடிகர் ஹான்கே.
வேலி வழக்கில் மூன்று வருடமாய்
வக்கீல் கடிதம் வழியே மட்டும் பேசும்
பக்கத்து வீட்டுக்காரர்.

முதல் ஐம்பது மூட்டை படுகேவலம்.
ஒருவர் நீட்டும்போது மற்றவர் மூக்கைத் துடைப்பார்.
ஒன்று என் கால்விரலில் விழுந்தது.
"பிடிக்கத் தெரியாதா?"
"கொடுக்கத் தெரியாதா?"
மூன்று வருடத்தில் நேருக்கு நேர்
நாங்கள் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

பிறகு எப்போது என்று தெரியவில்லை.
யாரும் தாளம் போடவில்லை.
எண்ணிக்கொண்டிருந்த கிழவர் ஓட்ஃபிரீட்கூட
எண்ணுவதை விட்டுவிட்டார்.
கை போய் நிற்கிற இடத்தில் மூட்டை இருந்தது.
ஈரச் சாக்கின் கனம்
உள்ளங்கையில் உட்காருமுன்
வீப்கேயின் உள்ளங்கைக்குப் போயிருந்தது.
எவரோ தும்மினார்; வரிசை அவரை வளைத்துக்கொண்டு,
ஒரு மூட்டைகூடச் சிந்தாமல், மேலே போனது,
கல்லைச் சுற்றிப் போகும் தண்ணீர் மாதிரி.
(அப்போது இப்படித் தோன்றவில்லை.
அப்போது எதுவுமே தோன்றவில்லை.)
தோள் என்னுடையதா, முனகல் யாருடையது,
மழை நின்றதா, நிற்கவில்லையா?
ஹான்கே மூச்சை விட்ட இடத்தில்
நான் இழுத்தேன் என்பது மட்டும்
உடம்புக்குத் தெரிந்திருந்தது.

நாலேகாலுக்கு ஒலிபெருக்கி:
போதும், தண்ணீர் நின்றுவிட்டது, போதும்.
மூட்டை வரவில்லை.
ஹான்கே திரும்பினார், கை நீட்டி, ஒன்றுமில்லாமல்.
நான் வாங்கினேன்.
வீப்கேயிடம் கொடுத்தேன். அவளும் வாங்கினாள்.
அந்த ஒன்றுமில்லாதது
இன்னும் நாலைந்து பேரைக் கடந்தபின்தான்
யாரோ சிரித்தார்கள்.

சிரிப்போடு முதுகுவலி வந்தது,
சிறுநீர் முட்டியது, பெயர்கள் திரும்பி வந்தன.
பிளாஸ்கில் தேநீர். ஊற்றியவர் ஹான்கே.
"உங்கள் நிலவறை?"
"காய்ந்துதான் இருக்கிறது. உங்களுடையது?"
"பார்க்கவில்லை."
அதற்குமேல் இருவருக்கும் சொல் கிடைக்கவில்லை.

வேலி வழக்கு பதினான்காம் தேதி.
நான் போவேன், அவரும் வருவார்,
விட்டுக்கொடுக்க மாட்டேன், அரை மீட்டர் என் மண்.
பயமெல்லாம் இது ஒன்றுதான்:
நீதிமன்றப் படியில் அவர் வலப்பக்கமாய் வந்து நின்றால்
இடுப்பு தானாகத் திரும்பி
கை நீண்டுவிடுமோ என்று.