கத்தாத பெட்டி

ஏப்ரல். விடிகாலை ஐந்தே கால்.
அஞ்சலகத்திலிருந்து வெர்னா கூப்பிட்டாள்.
"உன் பெட்டி கத்துகிறது.
வந்து எடுத்துக்கொண்டு போ,
முத்திரை குத்தக் கை வரவில்லை."

இருபத்தைந்துக்குப் பணம் கட்டியிருந்தேன்.
இருபத்தாறு இருந்தன.
வழியில் ஒன்று செத்துவிட்டால் என்று
பண்ணைக்காரர்கள் சேர்த்துப் போட்டது.
ஒன்றும் சாகவில்லை.
அந்த உபரிக் குஞ்சு எது என்று
சமையலறைத் தரையில் உட்கார்ந்து தேடினேன்.
எண்ணி முடிப்பதற்குள் எல்லாமே அதுவாக இருந்தது.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
காலையில் நாற்பத்தொரு பிள்ளைகள், திரும்பி வந்தால் இவை.
இரைச்சலில் வித்தியாசமில்லை.
இவை இருக்கையைக் கிழிப்பதில்லை, அவ்வளவுதான்.

வையண்டாட். வெள்ளிச் சரிகை வகை.
வெள்ளை இறகு ஒவ்வொன்றுக்கும்
மை தொட்டு இழுத்த கறுப்புக் கரை.
சாது என்று புத்தகத்தில் போட்டிருந்தது.
எழுதியவர் தீனி வாளியோடு
ஒருநாளும் கொட்டிலுக்குள் போனதில்லை.
பெரியவள் ஒருத்தி மற்றவற்றை வாளியிலிருந்து விரட்டிவிட்டு
தானும் தின்னாமல் நிற்பாள்,
நிற்பதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பதினொன்று சேவலாகிப் போயின.
ஒன்றை வைத்துக்கொண்டோம்.
பத்தை டெல்பர்ட் அக்டோபரில் ஒரு சனிக்கிழமை முடித்தான்.
கால்பந்து அணியை வெளியூர் கூட்டிப்போகும் ஓட்டத்தை
அன்றைக்கு நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.
குழம்பை மட்டும் சாப்பிட்டேன்.

ஜனவரியில் வாளித் தண்ணீர் கல்லாகும்.
மூன்று வேளையும் சுத்தியல்.
பக்கத்துப் பண்ணை லெகார்ன்களுக்கு
உயர்ந்த கொண்டையின் நுனி கறுத்து உதிரும்.
இவற்றுக்குத் தலையோடு பிசைந்து ஒட்டிய கொண்டை,
பனி பிடித்துக்கொள்ள அதில் விளிம்பே இல்லை.
இருட்டோடு போய்க் கை வைத்தால்
வயிற்றடியில் ஒரு முட்டை,
ஓஹாயோ மாநிலத்திலேயே சூடான பொருள் அதுதான்.

ஜூனில் பெரியவள் அடையில் உட்கார்ந்தாள்.
கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள்.
செத்தது. முதல் நாளே, இரண்டு.
மற்ற ஐந்தையும் கூட்டிக்கொண்டு
அவள் புல்வெளிக்குப் போய்விட்டாள்.
வைக்கோலை நான் மாற்றினேன்.

ஜூலையில் வாசலில் ஒரு கார், ஓக்லஹோமா எண் பலகை.
முட்டை விற்பனை என்ற அட்டையைப் பார்த்து நிறுத்தியிருக்கிறாள்.
அறுபது வயதிருக்கும். லோரீன் என்றாள்.
ஆற்றோரத்துப் பழைய கல்லறைகளைப் பார்க்க வந்தவள்.
"இது என்ன ஜாதிக் கோழி?"
சொன்னேன்.
வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்,
நிறுத்த முடியாமல் சிரித்தாள்.
"நானும் அதேதான்" என்றாள்.

எங்கள் மாவட்டத்துக்கு அந்தப் பெயர்.
தீயணைப்பு வண்டியின் கதவில் அந்தப் பெயர்.
பேருந்தின் பக்கவாட்டில் கறுப்பு எழுத்தில்
தினமும் இருமுறை அதை ஊர்வலம் விடுகிறேன்.
அந்தப் பெயர்க்காரர் ஒருவரிடம்
அதுவரை நான் பேசியதில்லை.

"கோழிக்கு யார் வைத்தது?"
தெரியாது என்றேன்.
"கேட்டுவிட்டு வைத்தார்களா?"
அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை.
பெரியவள் வந்து அவளுடைய செருப்பு வாரைக் கொத்தினாள்.
"மரியாதை தெரியாதது,
என் சித்தி மாதிரியே" என்றாள்.

ஒரு டஜன் வாங்கினாள்.
காசு வேண்டாம் என்றேன்.
தகர டப்பாவில் இருபது டாலரைப் போட்டு
மூடியை அழுத்தி மூடினாள்.

நவம்பரில் வெர்னா கூப்பிட்டாள்.
"உனக்குப் பெட்டி வந்திருக்கிறது.
இந்தத் தடவை கத்தவில்லை."

பிரித்தால், நான் கொடுத்த அதே முட்டை அட்டை.
பன்னிரண்டு குழியும் காலி.
மூடியின் உள்பக்கம் பென்சிலில்:
இரண்டு வழியில் உடைந்தன.
மற்றவை நன்றாக இருந்தன.
அந்தத் திமிர்பிடித்தவள் எப்படி இருக்கிறாள்?

இறகுதிர்க்கிறாள் என்று எழுத வேண்டும்.
கழுத்து மொட்டை, முட்டை கிடையாது,
வாளியை மட்டும் விடவில்லை.